திறந்த கரு: சிட்னியில் ஒரு பல்கலைக்கழக மென்பொருள் நிறுவனத்தின் வரலாறு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் நிலைத்து நின்ற பெருநிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தோன்றிச் சில ஆண்டுகளிலேயே பிறிதொன்றினால் விழுங்கப்பட்ட சிறு நிறுவனங்கள் அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுதல் அரிது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2006 ஓகஸ்ட் மாதத்தில் தோற்றம் பெற்று, 2012 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் தொழில் நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்ட 'ஓப்பன் கேர்ணல் லாப்ஸ்' இத்தகையதொன்றாகும். அதன் தனிவாழ்வு ஆறு ஆண்டுகளே. ஆயினும், அந்நிறுவனத்தின் கணக்கின்படி, 2012 இன் தொடக்கத்தில் அதன் மென்பொருளைத் தாங்கிய சாதனங்களின் தொகை 150 கோடியைக் கடந்திருந்தது. அச்சாதனங்களைக் கையில் வைத்திருந்தோருள் அந்நிறுவனத்தின் பெயரைக் கேள்வியுற்றோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இத்துணைப் பரந்து பயின்ற ஒன்று ஏன் தனித்து நிலைக்கவில்லை என்பது ஒரு வினா. பொதுப்பணத்தில், பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில், பல நாட்டு ஆய்வாளரின் உழைப்பினால் வளர்ந்த அறிவொன்று எவ்வாறு தனியுடைமையாயிற்று, பின்னர் எவ்வாறு மீண்டது என்பது மற்றொரு வினா. முதலாவது வணிகவியலாளருக்கு உரியது. இரண்டாவது, பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய எவருக்கும் உரியது.

இவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு அந்நிறுவனம் செய்த பொருள் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கணினி என்றதும் மேசைமீது இருக்கும் பொறியே நினைவுக்கு வருகின்றது. ஆயின் உலகிலுள்ள கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை கணினி என்ற தோற்றத்தையே கொண்டிருப்பதில்லை. கையடக்கத் தொலைபேசியின் வானொலிச் சில்லிலும், மோட்டார் வாகனத்தின் தடுப்புக் கருவியிலும், இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவியிலும் அவை பொதிந்து கிடக்கின்றன. இவற்றை இயக்கும் செய்நிரல்களே உட்பொதிந்த மென்பொருள் எனப்படும். எந்தக் கணினியிலும் ஏனைய செய்நிரல்கள் யாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது பணிசெயல் முறைமை. அதன் உள்ளே, வன்பொருள்மீது முழு அதிகாரமும் பெற்று இயங்கும் பகுதியே கரு. கருவில் ஒரு பிழை நேரின் அதற்கு மேல் உள்ள எதுவும் பாதுகாப்பானதன்று. வழமையான முறைமைகளின் கருவோ இலட்சக்கணக்கான நிரல்வரிகள் கொண்டது. அதில் பிழை இல்லையென எவரும் உறுதி கூற இயலாது.

இக்குறைக்குத் தீர்வாகவே 'நுண்கரு' என்னும் கருத்து எழுந்தது. கருவுக்குள் இருந்தே தீரவேண்டியவற்றை மட்டும் உள்ளே வைத்து, ஏனையவற்றை வெளியே தனித்தனிச் செய்நிரல்களாக அமைப்பது அதன் சாரம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985 இல் தொடங்கப்பட்ட 'மாக்' இவ்வகையில் புகழ்பெற்றது. ஆயின் அது மெதுவாக இயங்கியது. வெளியே பிரித்துவைக்கப்பட்ட பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதிலேயே காலம் விரயமாயிற்று. எனவே 1990களின் தொடக்கத்தில், நுண்கரு என்பது ஏட்டில் அழகானது, நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற முடிவுக்கு அறிஞர் பலர் வந்திருந்தனர்.

அம்முடிவை மறுத்தவர் யொக்கன் லீட்கே என்னும் ஜேர்மானியர். அந்நாட்டின் அரச கணினி ஆய்வு நிறுவனமாகிய ஜி.எம்.டி.யில் பணியாற்றிய அவர், குறை கருத்திலன்று, அது ஆக்கப்பட்ட முறையிலேயே உள்ளது என வாதிட்டார். வாதத்தோடு நில்லாது, 1993 இல் 'எல்-4' என்னும் கருவைத் தாமே பொறிமொழியில் எழுதிக் காட்டினார். சுமார் 12 கிலோபைற் அளவேயான அக்கரு, செய்திப் பரிமாற்றத்தில் மாக்கைவிட ஏறத்தாழ 20 மடங்கு விரைவுடையதாயிருந்தது. 1996 இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வு நிலையத்துக்கும், 1999 இல் கார்ள்ஸ்ரூ பல்கலைக்கழகத்துக்கும் சென்ற லீட்கே, 2001 ஜூன் மாதத்தில் தமது 48 ஆவது வயதில் காலமானார்.

இவ்விடத்தில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. லீட்கேயின் மூலநிரலைப் பிற ஆய்வாளர் எடுத்தாள்வதற்கு ஜி.எம்.டி.யும் ஐ.பி.எம்.மும் விதித்த உடைமைக் கட்டுப்பாடுகள் தடையாயிருந்தன. ஆகவே கருத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, நிரலை முதலிலிருந்தே எழுதவேண்டிய நிலை பிறருக்கு ஏற்பட்டது. ஜேர்மனியின் திரெஸ்டன் பல்கலைக்கழகத்தார் 'பியாஸ்கோ' என்ற பெயரில் எல்-4 இன் புதிய வடிவமொன்றை ஆக்கினர். சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலோ, 1990களின் நடுப்பகுதியில் மிப்ஸ் என்னும் செயலிக்கான எல்-4 எழுதப்பட்டது. கார்ள்ஸ்ரூவில் லீட்கேயின் குழுவினர் பின்னாளில் ஆக்கிய 'பிஸ்தாசியோ' என்ற வடிவமே எவரும் பயன்படுத்தத்தக்க தாராளமான அனுமதியோடு வெளிவந்தது. உடைமை பற்றிய சிக்கல் ஓப்பன் கேர்ணல் லாப்ஸ் உருவாகிய பின்னர் எழுந்ததன்று, எல்-4 உடன் பிறந்தது என்பது இதனாற் புலனாகும்.

சிட்னிக் குழுவின் தலைவர் பேராசிரியர் கேர்னொட் ஹைசர். 1991 முதல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பணிசெயல் முறைமை ஆய்வில் ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார் எனலாம். 2002 இல் அவுஸ்திரேலிய அரசு, தகவல் தொழில்நுட்ப ஆய்வுக்கென 'நிக்டா' என்னும் தேசிய நிலையத்தை நிறுவியபோது, உட்பொதிந்த முறைமைகளுக்கான அதன் ஆய்வுப் பிரிவு ஹைசரின் தலைமையில் அமைந்தது. நிக்டாவின் நோக்கம் ஆய்வு மட்டுமன்று. ஆய்வின் பயனைத் தொழில்துறைக்குக் கொண்டுசெல்லலும் அதன் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. கம்பனி அமைத்தல் என்பது அங்கு ஓர் ஆய்வாளரின் தனிவிருப்பத்தால் மட்டும் நேர்ந்ததன்று; அரச கொள்கையே அவ்வழியைக் காட்டிற்று.

பிஸ்தாசியோவை எடுத்துச் சிறு சாதனங்களுக்கு ஏற்பச் செதுக்கிய சிட்னிக் குழுவின் ஆக்கம், அமெரிக்கச் சில்லு நிறுவனமாகிய குவால்கொம்மின் கவனத்தை ஈர்த்தது. தொலைபேசியின் வானொலித் தொடர்பை நடத்தும் மென்பொருள் அக்காலத்தில் வரம்பின்றிப் பருத்திருந்தது. ஒரு பகுதியில் நேரும் பிழை வேறொரு பகுதியைக் குலைக்காவண்ணம் நடுவே சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. அச்சுவர் பணியை எல்-4 ஆற்றவல்லது. குவால்கொம் தனது சில்லுகளில் நிக்டாவின் எல்-4 ஐப் பயன்படுத்துகின்றது என்ற அறிவிப்பு 2005 நவம்பரில் வெளியாயிற்று. 2006 இன் இறுதியில் அத்தகைய தொலைபேசிகள் விற்பனைக்கு வந்தன.

இங்கேதான் பல்கலைக்கழகத்தின் எல்லை தென்பட்டது. கோடிக்கணக்கான தொலைபேசிகளுக்குச் சில்லு விற்கும் நிறுவனமொன்றுக்குத் தேவை ஆய்வுக் கட்டுரையன்று. பிழை நேர்ந்த வேளையில் திருத்தித் தருவார் ஒருவர் வேண்டும். குறித்த நாளில் குறித்த பதிப்பு வந்துசேர வேண்டும். சட்டப் பொறுப்பேற்க ஓர் ஒப்பந்தக்காரர் வேண்டும். பட்டப்பின் மாணவன் ஒருவன் தன் ஆய்வேட்டை ஒருபுறம் வைத்துவிட்டு இவற்றைச் செய்துகொண்டிருக்க இயலாது. செய்யின் அவனது பட்டமே கேள்விக்குறியாகும். நிறுவனம் அமைத்தமையை வெறும் இலாப நோக்கெனக் கொள்வோர் இந்நடைமுறை நெருக்கடியை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாறு 2006 ஓகஸ்டில் ஓப்பன் கேர்ணல் லாப்ஸ் பிறந்தது. ஹைசருடன் இணைந்து அதனை நிறுவிய ஸ்டீவ் சூபார் அதன் நிறைவேற்றுத் தலைமையை ஏற்றார். தலைமையகம் சிக்காகோவில், மூளையோ சிட்னியில். வாடிக்கையாளர் இருக்குமிடத்தில் அலுவலகமும், அறிவு இருக்குமிடத்தில் பட்டறையுமாக அமைந்த இவ்வமைப்பு, உலகப் பொருளாதாரத்தின் மையத்திலிருந்து தொலைவில் உள்ள நாடொன்றின் ஆய்வு எவ்வாறு சந்தையை அடைகின்றது என்பதற்கு ஒரு சான்றாகும். நிறுவனத்தின் உற்பத்தி 'ஓ.கே.எல்-4' எனப் பெயர் பெற்றது. 'ஓப்பன் கேர்ணல்' என்பதன் நேர்பொருள் 'திறந்த கரு'. அப்பெயர் தொடக்கத்தில் பொருத்தமாகவே இருந்தது. மூலநிரல் எவரும் பார்க்கத்தக்கதாய் வெளியிடப்பட்டது.

நிறுவனத்தின் வணிகச் சிந்தனையில் ஒரு நுட்பம் உண்டு. அக்காலத்துத் திறன்பேசி ஒன்றுக்குப் பொதுவாக இரண்டு செயலிகள் தேவைப்பட்டன. ஒன்று வானொலித் தொடர்பைக் கவனிக்கும். மற்றையது திரையையும் பயனாளரின் செய்நிரல்களையும் நடத்தும். நுண்கருவொன்றை அடியில் வைத்தால் இவ்விரு உலகங்களையும் ஒரே செயலியில், ஒன்றையொன்று தீண்டாவண்ணம் நடத்தலாம். செயலி ஒன்று குறையின் தொலைபேசியின் உற்பத்திச் செலவும் குறையும். இதற்கென லினக்ஸ் முறைமை, கருவின்மீது ஒரு விருந்தாளியைப் போல இயங்கத்தக்கதாக மாற்றியமைக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் இருந்தபோது அதற்கு 'வொம்பற்' என்று அவுஸ்திரேலிய விலங்கொன்றின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. நிறுவனத்துக்குள் வந்தபின் 'ஓ.கே. லினக்ஸ்' என்ற வணிகப் பெயர் அதற்கு வாய்த்தது. வொம்பற் என்பதே இனிய பெயர் என்பதை மறுப்பார் இலர். 2009 இல் வெளிவந்த மோட்டரோலாவின் 'எவோக்' தொலைபேசி இம்முறையில் அமைந்தது. அதில் லினக்ஸும் வானொலி மென்பொருளும் ஒரே செயலியைப் பகிர்ந்துகொண்டன.

ஆயின் இவ்வணிகத்தின் அடித்தளம் வன்பொருளின் விலையிலேயே தங்கியிருந்தது. சில ஆண்டுகளுள் ஒரே சில்லில் பல செயலிகளை அமைத்தல் மலிவாயிற்று. மென்பொருளால் செய்துகாட்டிய பகிர்வுக்கு வன்பொருளிலேயே துணை வழங்கும் செயலி வடிவமைப்பை 2010 இல் ஆர்ம் நிறுவனம் அறிவித்தது. ஒரு செயலியை மிச்சப்படுத்தித் தருவோம் என்ற வாக்குறுதியின் மதிப்பு இதனால் தேய்ந்திருக்க வேண்டும். எஞ்சியது பாதுகாப்பு என்னும் வாக்குறுதியே. அதற்கு அதிக விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தோர் தொலைபேசி உற்பத்தியாளர் அல்லர், படைத்துறையினர்.

இதற்கிடையில், 2008 ஒக்டோபரில் வெளிவந்த ஓ.கே.எல்-4 இன் 3.0 பதிப்பே மூலநிரல் திறந்திருந்த இறுதிப் பதிப்பாயிற்று. அதன்பின் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட கரு, மூடிய நிரலாகவே விற்கப்பட்டது. 'திறந்த கரு' என்ற பெயர்ப்பலகையின் கீழ் மூடிய கரு விற்பனையாயிற்று என்பது வரலாற்றின் எள்ளல். நிறுவனத்தார்க்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கும். முதலீட்டாளர் எதிர்பார்ப்பது உடைமை. திறந்த நிரலில் உடைமையைக் காட்டுதல் கடினம். ஆயினும் திரெஸ்டன், கார்ள்ஸ்ரூ, சிட்னி ஆகிய மூவிடத்தும் ஒருவர் செய்ததை மற்றொருவர் திருத்தி வளர்த்த மரபு, வணிகக் கிளையைப் பொறுத்தவரை அத்துடன் அறுபட்டது.

நிறுவனம் தொலைபேசிச் சந்தையில் முயன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நிக்டா ஆய்வுகூடத்தில் வேறொரு பணி நடைபெற்றது. கரு சிறியதாயின், அது பிழையற்றது என்பதைக் கணித முறையில் நிறுவ இயலாதா என்பதே அங்கு எழுந்த வினா. சோதனை செய்து பார்த்தல் வேறு, நிறுவல் வேறு. ஆயிரம் முக்கோணிகளை அளந்து கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை எனக் காண்பதற்கும், அதனைத் தேற்றமாக நிறுவுவதற்கும் உள்ள வேறுபாடே இது. மென்பொருள் நிறுவல் பற்றிய எண்ணம் 1960களிலிருந்தே உண்டு. ஆயின் உண்மையில் பயன்படத்தக்க ஒரு முழுக் கருவுக்கு அதனைச் செய்து முடித்தோர் அதுவரை இலர்.

கெவின் எல்பின்ஸ்டன் முதலிய முறைமை வல்லுநரும், கெர்வின் கிளைன், ஜூன் அன்ட்ரோனிக் முதலிய நிறுவல் வல்லுநரும் ஒரே குழுவாக இருந்து பணியாற்றியமை இம்முயற்சியின் தனிச்சிறப்பாகும். முன்னையோருக்கு விரைவே குறி; பின்னையோருக்கு எளிமையே குறி. இரண்டையும் இணைக்கும்பொருட்டு அவர்கள் கருவின் மாதிரியொன்றை முதலில் ஹாஸ்கெல் என்னும் மொழியில் எழுதினர். அம்மாதிரி இயங்கவும் செய்தது. கணிதமாக மாற்றவும் இயன்றது. அதன்பின் 'சீ' மொழியில் இறுதி வடிவம் எழுதப்பட்டது. கரு என்ன செய்யவேண்டும் என்ற கணித விவரணத்துக்கும், சீ மொழி நிரலுக்கும் இடையே முரண் எதுவும் இல்லை என்பது 'இசபெல்' என்னும் தேற்றம் நிறுவும் கருவியின் துணையுடன் படிப்படியாகக் காட்டப்பட்டது. 'எஸ்.ஈ.எல்-4' எனப் பெயர் பெற்ற இக்கருவின் சீ நிரல் ஏறத்தாழ 8,700 வரிகள். அதற்கான நிறுவலோ ஏறத்தாழ 200,000 வரிகள். நிறுவலுக்குச் செலவான உழைப்பு, ஒருவர் தனியே செய்வதாயின், சுமார் 20 ஆண்டுகளுக்குச் சமம். சோதனைகளில் 16 பிழைகள் வெளிப்பட்ட நிரலில், நிறுவும் முயற்சியின்போது மேலும் 144 பிழைகள் வெளிப்பட்டன என்ற ஒரு செய்தியே இவ்வுழைப்பின் பயனை உணர்த்தப் போதுமானது.

நிறுவலுக்கும் எல்லைகள் இருந்தன. வன்பொருள் சரியானது, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பி சரியானது, பொறிமொழியிலேயே எழுதப்பட்ட சுமார் 600 வரிகள் சரியானவை என்பன அதில் எடுகோள்களாகவே கொள்ளப்பட்டன. ஆய்வாளர் இதனை மறைக்கவில்லை. 2009 ஒக்டோபரில், பணிசெயல் முறைமை ஆய்வாளரின் முதன்மை மாநாட்டில் வாசிக்கப்பட்ட அவர்களது கட்டுரை அங்கு சிறந்த கட்டுரைக்கான விருதையும் பெற்றது.

ஆய்வுகூடத்தின் சிந்தனை நிறுவனத்துக்கும் சென்றது. எந்தச் செய்நிரலும் தனக்கு வழங்கப்பட்ட அதிகாரச் சீட்டுக்கு உட்பட்டே ஒரு வளத்தைத் தொடலாம் என்ற பாதுகாப்பு முறை, 2008 ஏப்ரலில் வெளியான ஓ.கே.எல்-4 இன் 2.1 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அதற்கும் மேலாக, எஸ்.ஈ.எல்-4 இன் உரிமைகளையும் நிறுவனம் நிக்டாவிடமிருந்து பெற்றுக்கொண்டது. இதன் விளைவு யாதெனில், உலகம் வியந்த நிறுவலைப் பற்றிய கட்டுரையை எவரும் வாசிக்கலாம். அந்நிறுவலுக்குப் பொருளாகிய மூலநிரலையோ எவரும் தம் விருப்பப்படி எடுத்தாள இயலாது. ஒரு தேற்றத்தின் முடிவை அறிவித்துவிட்டு அதன் படிகளைப் பூட்டி வைப்பதை ஒத்தது இது. கணிதத்தில் எவரும் இதனை ஏற்றுக்கொள்ளார்.

2012 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் தொழில் நிறுவனமாகிய ஜெனரல் டைனமிக்ஸின் ஒரு பிரிவு ஓப்பன் கேர்ணல் லாப்ஸை வாங்கிற்று. ஓ.கே.எல்-4 மட்டுமன்றி எஸ்.ஈ.எல்-4 இன் உரிமையும் அத்துடன் கைமாறியது. அவுஸ்திரேலிய மக்களின் வரிப்பணத்தில் ஆக்கப்பட்டு, ஜேர்மனிய ஆய்வு மரபில் வேர்கொண்ட ஓர் அறிவு, அமெரிக்கப் படைத்துறை வழங்குநர் ஒருவரின் பேரேட்டில் ஒரு சொத்தாகப் பதிவாயிற்று. இதில் சட்டத்துக்கு முரணானது எதுவும் இல்லை. ஒவ்வொரு படியும் அவ்வப்போது நியாயமாகவே தோன்றியிருக்கும். படிகளைச் சேர்த்து நோக்கும்போதே சென்றடைந்த இடம் தெரிகின்றது.

எனினும் கதை அங்கு முடியவில்லை. நிக்டாவும் ஜெனரல் டைனமிக்ஸும் உடன்பட்டு, 2014 ஜூலை 29 அன்று எஸ்.ஈ.எல்-4 இன் மூலநிரலையும் அதன் நிறுவல்களையும் பொது அனுமதிப்பத்திரத்தின் கீழ் உலகுக்கு வெளியிட்டன. கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே நிரல் வெளிவந்தது. 2012 முதல் 2017 வரை நடைபெற்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வுத் திட்டமொன்றில், போயிங் நிறுவனத்தின் ஆளற்ற உலங்குவானூர்தியின் கணினியில் இக்கரு பொருத்தப்பட்டது. தாக்குவதற்கென்றே அமர்த்தப்பட்ட வல்லுநர் குழுவுக்கு முறைமையின் ஒரு பகுதிக்குள் இருந்தே தொடங்க இடமளிக்கப்பட்டும், அவர்களால் அச்சுவரைத் தாண்ட இயலவில்லை.

மூடப்படாத பழைய கிளையொன்றின் வரலாறும் நோக்கத்தக்கது. 2006 இல் நிக்டா தாராள அனுமதியோடு வெளியிட்ட சிறு சாதனங்களுக்கான எல்-4, அப்பிள் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2013 இல் வெளியான ஐபோன் 5எஸ் முதற்கொண்டு, அப்பிள் சாதனங்களில் விரலடையாளம், மறைச்சாவி முதலியவற்றைக் காக்கும் தனிச் செயலியில் அதன் வழிவந்த கருவே இயங்குகின்றது. அவ்வனுமதி எவரிடமும் கட்டணம் கேட்பதன்று. சிட்னியின் கரு மிக அதிகமான கைகளை அடைந்த வழிகளுள் ஒன்று, எவரும் விற்காத அந்த வழியாகும்.

பொதுத்துறையின் பக்கமும் நிலையானதாக இருக்கவில்லை. நிக்டாவுக்கான நிதியை அரசு நிறுத்த முடிவு செய்ததும், 2015 இல் அது அரச விஞ்ஞான ஆய்வு அமைப்பாகிய சீ.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் 'டேட்டா-61' பிரிவாக மாற்றப்பட்டது. 2021 மே மாதத்தில் அவ்வமைப்பு, செயற்கை நுண்ணறிவுக்கு முன்னுரிமை அளிக்கும் நோக்குடன், எஸ்.ஈ.எல்-4 ஐ ஆக்கிய ஆய்வுக் குழுவைக் கலைத்தது. தனியார் நிறுவனம் விற்றது என்றால், அரசு கைவிட்டது. அவ்வேளையில் நிரலும் நிறுவலும் பூட்டப்பட்டிருந்தால் குழுவோடு அவையும் முடங்கியிருக்கும். ஆனால் அவை ஏழு ஆண்டுகளாக வெளியே இருந்தன. 2020 ஏப்ரலில் எஸ்.ஈ.எல்-4 க்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பட்டிருந்தது. குழுவில் எஞ்சியோருக்கு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் இடமளித்தது. அவ்வாக்கம் அமெரிக்கக் கணினியியற் சங்கத்தின் 2022 ஆம் ஆண்டுக்கான மென்பொருள் முறைமை விருதையும் பெற்றது.

குழு கலைக்கப்பட்ட அதே 2021 இல், அன்ட்ரோனிக்கும் கிளைனும் வேறொரு சகபாடியுடன் சேர்ந்து சிட்னியில் 'புரூப்கிராப்ற்' என்ற சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினர். ஆய்வுகூடத்திலிருந்து பிறந்த மற்றொரு நிறுவனம் அது. இம்முறை கருவும் நிறுவலும் எவருடைய தனியுடைமையும் அல்ல. புதிய செயலிகளுக்கென நிறுவலை விரித்து எழுதித் தரும் உழைப்பே அங்கு விலை பேசப்படுகின்றது.